பட்டனை நாலு தடவை அமுக்கினால்

அன்று காலை ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில், சின்ன ஸ்கிரீன் வைத்த பெட்டி ஒன்று.

"நாலாவது ஸ்கிரீன மட்டும் முதலாளி பாத்துட்டா அவ்ளோதான்!" என்று சிரித்தாள்.

"இன்னா கீது அதுல?"

"பட்டன அமுக்கிக்கினே வா. மொதல்ல மெஷின் எத்தினி பீஸு போட்டுச்சுங்கற கவுண்ட்டு, அப்பறம் மெஷின் சூடு, அப்பறம் டைம்."

தோழி நாலாவது தடவை அமுக்கிவிட்டு அலறினாள். "'உமா, சாப்ட்டியா?'ன்னு இங்கிலீஷ் எழுத்துல வருதுடி!"

"ப்ரோக்ராம் எழுதுற சேகரு, டெஸ்ட்டுக்குப் போட்டத எடுக்க மறந்துட்டாராம். இருபது பொட்டி கஸ்டமருக்கே போயிடுச்சு."

"ஐயையோ! அவரு எழுதறத பொட்டி சிப்புல ஏத்துறது நீதானே உமா? நீயாச்சும் எடுத்திருக்கலாமே?"

"எடுக்கறதா? இன்னொரு தபா அமுக்கு."

ஐந்தாவது ஸ்கிரீனைத் தோழி பஸ்ஸுக்கே கேட்கும்படி படித்தாள்: "'சாப்ட்டேன். நீங்க?'"