சுவக்கீன் வீட்டு வெளிநாட்டுப் படங்கள்

கம்பத்து வெயிலை உதறிவிட்டுக் குமுளிக் குளிருக்கு ஏறிவந்து, தலைமை நாற்காலியில் வெற்றிலைப் பையோடு வீற்றிருக்கும் எங்கள் அவைத்தலைவி மதலேனம்மாள் அவர்களே! இந்த வாயனசாலையின் கதவைப் புத்தகங்களுக்கு மட்டுமல்ல, படங்களுக்கும் திறந்துவிட்ட பஞ்சாயத்து மெம்பர் அவர்களே! "சிலர் வீட்டில் சில படங்கள்" என்று பெயர் சொல்லாமல் பிரசங்கம் செய்து, பெயர் சொன்னதைவிடத் தெளிவாக ஊரையே எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்து, இன்று அதே வாயால் இந்தக் கூடத்தை மந்திரித்துத் தந்திருக்கும் பங்குத் தந்தை அவர்களே! கூடையை இறக்கிவைத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் ஏலக்காய் வாசம் போகாத அண்ணன்மாரே! "இந்த அம்மா எப்போது இறங்கும், படம் எப்போது ஓடும்" என்று கண்ணாலேயே என்னை மேடையை விட்டுத் தள்ளிக்கொண்டிருக்கும் இளைஞர் பட்டாளமே! அனைவருக்கும் இன்பமேரியின் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். ஏலத் தோட்டத்தில் களை வெட்டியவள். சங்க மேடையில் வாய் வளர்த்தவள். துரைமார்களை நடுங்க வைத்த நாக்கு இது. ஆனால் இன்று துரையைப் பற்றிப் பேசச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் சுவக்கீனைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கட்டிய மனைவியின் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்துக் கணவனைப் பற்றிப் பேசு என்கிற ஊர், எவ்வளவு துணிச்சலான ஊர்! அதோ, முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார் பாருங்கள். நிமிரும் ஐயா, நிமிரும். பாதியாவது புகழ்ந்துதான் பேசப் போகிறேன்.

சுவக்கீன் ஜீப் ஓட்டுகிறவர். குமுளிக்கு வருகிற வெள்ளைக்காரர்களை மலைமேல் ஏற்றி, மேகத்தைக் காட்டி, மறுபடியும் கீழே கொண்டுவந்து விடுகிற தொழில். திரும்பிப் போகும்போது அவர்கள் கேட்பார்கள், "எங்கள் நாட்டிலிருந்து உனக்கு என்ன அனுப்ப வேண்டும்?" என்று. மற்ற டிரைவர்கள் என்ன கேட்டார்கள்? கடிகாரம் கேட்டார்கள், கண்ணாடி கேட்டார்கள், வாசனைத் தைலம் கேட்டார்கள். அவரவர் மனைவிமார் மணம் வீசினார்கள், மின்னினார்கள். என் மணவாளன் என்ன கேட்டார்? "உங்க ஊருல பழைய படம் ஏதாச்சும் இருந்தா அனுப்புங்க சார்." பழைய படம்! புதுப் படம்கூட அல்ல, பழைய படம்!

வந்தன ஐயா, வந்தன! செங்கல் செங்கலாகக் கேசட்டுகள் வந்தன. பிறகு தட்டுத் தட்டாக டிவிடிகள் வந்தன. ஜப்பானிலிருந்து வந்தது, ஸ்வீடனிலிருந்து வந்தது, பெயரை வாசித்தால் பல் உடைகிற ஊர்களிலிருந்தெல்லாம் வந்தது. குமுளியில் வாடகைக் கேசட் கடையை மூடியபோது, கழிவென்று வாசலில் குவித்ததையும் அள்ளி வந்தார். ஜப்பான் டிவிடியை ஆசையாகப் போட்டால், "இது உங்கள் பகுதிக்கு உரியதல்ல" என்று எழுதிக் காட்டி நின்றுகொண்டது. பார்த்தீர்களா அநியாயத்தை? மூட்டைக்கு ஒரு செக்போஸ்ட், முட்டைக்கு ஒரு செக்போஸ்ட் என்று எல்லையிலேயே பிறந்து எல்லையிலேயே வளர்ந்த நம்மிடம் வந்து, ஒரு கையகலத் தகடு எல்லை பேசுகிறது! கம்பத்தில் ஒரு மெக்கானிக் ரிமோட்டில் என்னவோ எண்களை அழுத்தி அந்த எல்லைக் கதவை உடைத்தார். அன்று என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பை, எங்கள் கல்யாணப் புகைப்படத்தில்கூட நான் பார்த்ததில்லை.

ஆனால் தாய்மார்களே, நம் மலையின் மழை உங்களுக்குத் தெரியாததா? தோல்செருப்பில் பூஞ்சை பிடிக்கும். துணிமணியில் பூஞ்சை பிடிக்கும். சும்மா உட்கார்ந்திருந்தால் மனிதன் மேலேயே பூஞ்சை பிடிக்கும். கேசட் நாடாவில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. மனிதர் என்ன செய்தார்? பின்னறையின் ஜன்னலை அடைத்தார். கறுப்புத் துணி தொங்கவிட்டார். ஈரம் அண்டாமல் இருக்க உள்ளே எந்நேரமும் ஒரு குண்டு பல்பை எரியவிட்டார். காற்று புகாதபடி கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

இப்போது ஊர்க்கண்ணால் பாருங்கள். பூட்டிய கதவு. மூடிய ஜன்னல். உள்ளே எந்நேரமும் வெளிச்சம். தபாலில் வெளிநாட்டுப் பொட்டலம். பொட்டலத்துக்குள் படம். விடுவானா தமிழன்? விடுவானா மலையாளி? இரண்டு மாநிலமும் இத்தனை காலமாக ஒத்துப்போகாத விஷயமெல்லாம் போக, இந்த ஒன்றில் மட்டும் ஒரே நாளில் ஒத்துப்போய்விட்டது: சுவக்கீன் வீட்டில் அசிங்கப் படம் இருக்கிறது! நடுவயதுப் பெரிய மனிதர்கள் சிலர் ஒவ்வொருவராக வந்து, "சும்மா பேசிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று பின்னறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிரிக்காதீர்கள்! சிரிக்கிறவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். பெயர் சொல்லட்டுமா? வேண்டாம். பெயர் சொல்லாமல் பேசுவதைப் பங்குத் தந்தையிடமே கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, என் மகள் நிமிக்கு வரன் வரும் வரைக்கும்.

பட்டம் படித்தவள், பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறவள். வந்த இடமெல்லாம் வாசலோடு திரும்பிப் போயிற்று. "பொண்ணு தங்கம்தான், ஆனா தகப்பனாரு..." என்று இழுப்பார்கள். கடைசியில் கம்பத்திலிருந்து ஒரு குடும்பம் துணிந்து வந்தது. மாப்பிள்ளை ஜினோ, வளைகுடாவில் ஏசி மெக்கானிக். நல்ல பையன், குடி இல்லை, புகை இல்லை. அவனுடைய தாய், இதோ தலைமை நாற்காலியில் இருக்கிறாரே, இதே மதலேனம்மாள். கூடவே அவர் தம்பி, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், அருள்குமார். கஞ்சி போட்ட சட்டை, கஞ்சி போட்ட மீசை, கஞ்சி போட்ட பேச்சு.

பலகாரம் தின்றார்கள். காபி குடித்தார்கள். பெண்ணும் பையனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விடுகிற நேரத்தில் அருள்குமார் தொண்டையைச் செருமினார்.

"பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஒரே ஒரு விசயம். அந்தப் பின்னறையில இருக்கிறத எல்லாம் இன்னிக்கே வெளியில போட்டு எரிச்சிரணும். எங்க கண்ணு முன்னால எரிச்சாத்தான் தேதி குறிப்போம்."

சங்க மேடையில் சிங்கம்போல் கர்ஜித்தவள் நான். ஆனால் அன்று என் வீட்டுக்காரரைத்தான் திரும்பிப் பார்த்தேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். "அது அசிங்கம் இல்லய்யா" என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். அவரோ எழுந்துபோய் ஏலக்காய்ச் சாக்குகளைக் கொண்டுவந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்து அடுக்கிய கையால், ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட ஆரம்பித்தார். எரிக்கப் போகிற பொருளை எவராவது மெதுவாக வைப்பார்களா? அவர் மெதுவாக வைத்தார். கீறல் விழாமல் வைத்தார்.

"அப்பா, வேண்டாம்ப்பா" என்றாள் நிமி.

"நீ சும்மா இரு தாயி. ஒன்ன விடவா இதெல்லாம் பெருசு?" என்றார்.

இந்த மனிதரை நான் ஏசியிருக்கிறேன், இகழ்ந்திருக்கிறேன், இந்த மேடையிலும் விட்டுவைக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டபோது, இவரைக் கட்டிக்கொண்டதற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். இதை இன்றுதான் அவருக்கே சொல்கிறேன். போதும், கைதட்டாதீர்கள். தலைக்கு ஏறிவிடும்.

அப்போதுதான் மதலேனம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வாய் திறந்தார். "ஏப்பா, எரிக்கிறதுதான் எரிக்கப் போறோம். அது என்ன கருமம்னு ஒருக்காப் பாத்துட்டு எரிப்போமே!"

தம்பிக்காரர் அதிர்ந்தார். "அக்கா, பொம்பளைக இருக்கிற இடத்துலயா?"

"நான் பெத்து வளத்தவடா. நான் பாக்காத எதைய இதுல காட்டிரப் போறான்?"

சாக்கில் கைவிட்டு, வந்ததை எடுத்தார். அட்டையில் முக்காடு போட்ட ஒரு கிழவி. எந்த நாட்டுப் படம் என்று அதில் அச்சடித்திருந்தது. அந்த நாடே இப்போது வரைபடத்தில் இல்லை. நாடு போய்விட்டது, படம் மட்டும் எங்கள் பின்னறையில் பத்திரமாக இருக்கிறது!

போட்டார்கள். பனி. பனி. பனி. பனிக்கு நடுவே ஒரு கிழவி. கிழவி பக்கத்தில் ஓர் ஆடு. கிழவி நடக்கிறாள், ஆடு நடக்கிறது. கிழவி நிற்கிறாள், ஆடு நிற்கிறது. அருள்குமார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "இப்ப வரும் பாருங்க" என்றார். கிழவி பால் கறந்தாள். "இனிமேதான் வரும்" என்றார். கிழவி வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, குனிந்து, மெல்ல, மிக மெல்ல, தன் பூட்ஸைக் கழற்றினாள். படம் முழுவதிலும் கழற்றப்பட்ட ஒரே பொருள் அதுதான்!

பேச்சு அந்த நாட்டு மொழி. கீழே எழுத்து இங்கிலீஷ். மதலேனம்மாள் தவித்தார். "என்ன சொல்றா? அவ என்ன சொல்றா?" உள்ளே நின்றிருந்த நிமி வெளியே வந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் வாய் திறக்கக் கூடாது என்பதெல்லாம் காற்றில் போயிற்று. மதலேனம்மாளின் காலடியில் உட்கார்ந்து, திரையில் கிழவி பேசப் பேச நம் தோட்டத்துத் தமிழில் பேச ஆரம்பித்தாள். கிழவிக்கு ஒரே மகன். பட்டணத்து வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. தாய் பார்த்துப் பார்த்து, ஆட்டையும் இழுத்துக்கொண்டு ரயிலேறி, அவன் வீட்டு வாசலுக்கே போய் நிற்கிறாள். பெரிய வீடு. பெரிய மனிதர்கள் விருந்துக்கு வந்திருக்கிறார்கள். கதவைத் திறந்த மகன், கந்தல் கட்டிய தாயைப் பார்க்கிறான். "யாரது?" என்று உள்ளேயிருந்து குரல். மகன் சொல்கிறான்: "எங்க ஊர்க்காரி ஒருத்தி."

தாய் என்ன சொன்னாள் தெரியுமா? சபித்தாளா? சண்டை போட்டாளா? நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாளா? இல்லை. நிமியின் வாயால் அவள் சொன்னாள்: "ஆமாய்யா, நான் அவுக ஊருதான். ஆடு விக்க வந்தேன்."

மதலேனம்மாள் ஓ என்று அழுதார். வெளிநாட்டு வேலைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, போன் வருமா வருமா என்று காத்திருந்த தாய் அல்லவா? நிமி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதேன். அருள்குமார்கூடக் கஞ்சி போட்ட மீசையைத் துடைத்துக்கொண்டார்.

ஒருவன் மட்டும் அழவில்லை. ஜினோ தூங்கிவிட்டான். படம் முடிந்து வெளிச்சம் வந்ததும் திடுக்கென்று விழித்துக் கேட்டான்: "முடிஞ்சிருச்சா? யாரு ஜெயிச்சா?"

"ஆடு ஜெயிச்சுச்சுடா!" என்றார் தாய்.

வீடே சிரித்தது, நிமியைத் தவிர. மதலேனம்மாள் அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். "உள்ளதச் சொல்லு தாயி. எம்மவன ஒனக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிக்கும்னுதான் நெனச்சேன் அத்த" என்றாள் நிமி. "அவுக தூங்குனது தப்பில்ல. முழிச்சதும் ஒங்க கண்ணு செவந்திருந்துச்சு. ஏன்னு கேக்கலயே."

மகனைப் பெற்றவர் மகனைப் பார்த்தார். மருமகளாக வர இருந்தவளைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தம்பி அருளு, சாக்க அவுத்துக் கொட்டு. இந்தச் சம்பந்தம் வேண்டாம். எம்மவன் கெட்டவன் இல்ல, ஆனா இந்தப் புள்ளைக்கு அவன் பத்தாது." என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "அண்ணே, சம்பந்தம் இல்லைன்னா என்ன? வர்ற ஞாயித்துக்கிழம இன்னொண்ணு போடுவீகளா?"

வந்தார்! பூசை முடிந்ததும் பஸ் ஏறி வந்தார். அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரிகளோடு வந்தார். எங்கள் தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் பெண்கள் வந்தார்கள். வீடு கொள்ளாமல் முற்றத்தில் நின்றார்கள். அதனால்தான் இன்று இந்தக் கூடம்! ஜினோவுக்கும் நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. நானே போய்ப் பிரியாணி தின்றேன். இப்போது அவனே வளைகுடாவிலிருந்து அம்மாவுக்குப் பழைய படம் தேடி அனுப்புகிறான். அருள்குமார்தான் இங்கே படம் ஓட்டப் போகிறவர். நிமியின் கல்யாணமா? கேட்டு வருகிறவர்கள் வரலாம். முதலில் ஒரு படம் முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

என்ன தம்பி, பின்வரிசையில்? "எல்லாம் போன்லயே இருக்கே அக்கா"வா? இருக்கிறது, இருக்கிறது! நேற்று இருந்த படம் இன்று இருக்கிறதா? பாதி பார்த்த படத்தை எவனோ எங்கிருந்தோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். ஏனென்று கேட்க ஒரு வாசல் உண்டா? மழை இறங்கினால் சிக்னல் உண்டா? சரி, எல்லாமே இருக்கட்டும். போனில் நீ அழுதால் யாருக்குத் தெரியும்? உன் அம்மா அழுதால் உனக்குத் தெரியுமா? உலகம் முழுவதும் உன் உள்ளங்கையில் இருக்கிறது. உன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

அதற்காகத்தான் கூடம்! அதற்காகத்தான் கூட்டம்! காணாமல் போன நாட்டின் கிழவி பேசினால், கம்பத்துத் தாய் அழ வேண்டும். கம்பத்துத் தாய் அழுதால், குமுளிப் பெண் கை நீட்ட வேண்டும். தமிழும் மலையாளமும் தெரியாத ஓர் ஆட்டுக்காக, தமிழரும் மலையாளிகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மூக்குச் சிந்த வேண்டும்! அசிங்கப் படம் என்றார்களே, கேளுங்கள் ஐயா, இங்கே ஆடைகள் கழற்றப்படா. ஆனால் அகம்பாவம் கழற்றப்படும்! மறைத்து வைத்த மனங்கள் வெளியே வரும்! பார்க்கத் துணிவுள்ளவர்கள் உட்காருங்கள்!

பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், பொறுமையில்லாமலே கேட்டு முடித்த இளைஞருக்கும், இத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு இன்னும் எழுந்து ஓடாமல் இருக்கும் என் வீட்டுக்காரருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கட்டன்சாயா வெளியே கொதிக்கிறது, படம் முடிந்ததும் குடிக்கலாம். தம்பி அருளு, விளக்கை அணை. எல்லோருக்கும் வணக்கம்!