ஏலக்காய்ப் பக்குவத்தில் இருபத்திரண்டு குஞ்சுகள்

— செத்துப்போச்சா?

— சாகல பொற்கொடி. சாகலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டு நிக்குதுக. இருபத்திரண்டும் கண்ண மூடிக்கிட்டு, பந்தியில எடங்கிடைக்காத சொந்தக்காரங்க மாதிரி.

— யாரு வீட்டுக் குஞ்சு?

— உன் குஞ்சுதான். நீ சொல்லி வச்சிருந்த நாட்டுக்கோழிக் குஞ்சு. நீ கோவிச்சுக்கிட்டு குரங்கணிக்கு உங்கப்பா வீட்டுக்குப் போன மறுநாளே, ஆட்டோக்காரரு பெட்டியோட எறக்கிட்டுப் போயிட்டாரு.

— மூணு நாளாச்சு! ஒரு போன் பண்ணக்கூடாதா?

— கொழுகொழுன்னு வளத்துக் கொண்டாந்து, உன்ன அசத்தலாம்னு பாத்தேன்.

— அசந்துட்டேன். பகல்ல நீங்க வேலைக்குப் போயிருவீக. யாரு பாத்துக்கிட்டா?

— கையோட மலைமேல மெட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன். எஸ்டேட் ஸ்டோர்ல ஏலக்கா காய வைக்கிற ரூம்பு இருக்குல்ல, அதோட வெளிச்சுவரு ஓரமா வச்சேன். குஞ்சுக்குச் சூடு வேணும்னு நீதான சொல்லுவ?

— அந்தச் சுவத்துல தோசை ஊத்தலாமே!

— ஏலக்காய்க்குத் தோதான சூடு அது.

— அதுக ஏலக்காயா?

— அங்கதான் புத்தி சறுக்கிருச்சு தாயி. பதினஞ்சு வருசமா அந்த ஒரு சோலிதான பாக்குறேன்? கை தானா பழக்கத்துக்குப் போயிருச்சு. தட்டுல பரப்பி வச்சேனா, ரெண்டு மணிக்கொருக்கா...

— ரெண்டு மணிக்கொருக்கா?

— கிளறிவிட்டேன்.

— குஞ்சையா!

— மெதுவாத்தான். சூடு எல்லாத்துக்கும் ஒண்ணுபோல ஏறணும்ல.

— அட கடவுளே. பச்சக் குஞ்சு, அதத் தூங்கவே விடலியா? தீனி என்ன போட்டீக?

— மக்காச்சோளம்.

— ஒடச்சா?

— முழுசா. பெருசா வளரட்டும்னு பெருசாவே போட்டேன். போன வச்சுட்டியா?

— வைக்கல. அழுகுறதா சிரிக்கிறதான்னு தெரியல. இப்ப எங்க இருக்கீக?

— போடியில, நம்ம வீட்டுல. பெட்டி முன்னால உக்காந்திருக்கேன். திட்டுறத அப்புறம் திட்டு, முதல்ல வழி சொல்லு.

— ஒரு அட்டைப்பெட்டியில சாக்க விரிங்க. மேல ஒரு குண்டு பல்பத் தொங்கவிடுங்க. குஞ்சுக ஒண்ணுமேல ஒண்ணு ஏறி அப்பிக்கிச்சுன்னா குளிருது, பல்ப எறக்குங்க. வாயப் பொளந்துக்கிட்டு மூலைக்கு ஓடுச்சுன்னா சூடு அதிகம், ஏத்துங்க. பரவலாப் படுத்துத் தூங்குச்சுன்னா சரியா இருக்குன்னு அர்த்தம். கிளறாதீக!

— கையக் கட்டிக்கிறேன்.

— வெதுவெதுப்பான தண்ணியில துளி வெல்லம் கரைச்சு, ஒவ்வொண்ணாப் புடிச்சு அலக மட்டும் நனைங்க. தலைய முக்கிராதீக. தெம்பு வந்ததும் அரிசி நொய்யி. ஒரு முட்டைய அவிச்சு, மஞ்சக்கருவ உதுத்துப் போடுங்க.

— கோழிக்குஞ்சுக்கு முட்டையா? கூடப்பொறந்தத திங்கச் சொல்றியே!

— இந்த நக்கல்தான் வேணாங்கிறது. எஸ்டேட்டுல காயெடுக்கப் போறத விட்டுட்டு கோழி வளக்கப் போறேன்னு உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். மறுநாள் எஸ்டேட் ஜீப்புல அத்தன பேரும் என்னப் பாத்துக் கொக்கரிச்சாய்ங்க. யாரு சொல்லிக் குடுத்தது?

— டீக்கடையில சும்மா வேடிக்கைக்கு...

— தண்ணிய வைங்க, வெரசா.

— வைக்கிறேன். நீ எப்ப வர்ற?

— வெல்லம் துளிதான். அள்ளிப் போட்றாதீக.

*

— விடிஞ்சும் விடியாம போன் பண்றீக. என்னாச்சு?

— இருபது குடிச்சிருச்சு. அலக நனைச்சதும் வானத்தப் பாத்து முழுங்குதுக பாரு, சாமி கும்பிடுற மாதிரி.

— மிச்சம் ரெண்டு?

— ஒண்ணு போயிருச்சு பொற்கொடி. கையில வச்சிருக்கும்போதே. மல்லிகைக்கொடி ஓரமாக் குழி தோண்டி வச்சுட்டேன்.

— சரி விடுங்க. இன்னொண்ணு?

— நிக்குது. ஆனா திங்கல. மத்ததெல்லாம் ஏறி மிதிச்சுக்கிட்டுப் போகுதுக.

— அத மட்டும் தனியாப் பிரிச்சு வைங்க. பின்னால எச்சம் காஞ்சு அடைச்சிருக்கா?

— இரு, பாக்குறேன். ஆமா, கோந்து மாதிரி.

— வெந்நியில துணிய நனைச்சு ஊற வச்சுத் தொடைங்க. பிச்சு இழுக்காதீக.

— நமக்குப் புள்ள இல்லேங்கிற கொறைய இப்பத் தீத்துக்கிறேன். விடியக்காலையில ஒருத்தருக்குக் கால் கழுவிவிடுறேன்.

— இன்னைக்கு எஸ்டேட்டுக்குத் தூக்கிட்டுப் போகாதீக.

— மத்தத எதுத்த வீட்டு ஞானசெல்வி அக்காவப் பாத்துக்கச் சொல்லிட்டேன். இந்த ஒண்ணத்தான் விட்டுட்டுப் போக மனசு வரல. நீ இருந்தா...

— அம்மா கூப்புடுது. சாயங்காலம் பேசுங்க.

*

— இன்னைக்கு வயிறு முட்டத் தின்னுருச்சு!

— எது?

— தனியா வச்ச பட்டினிச் சாமியாரு. நாலு நாளா சட்டைப் பையிலதான் குடித்தனம். சூப்பர்வைசர் சேட்டன் பக்கத்துல வந்து நின்னு, "எந்தா ஜக்கையா, உன் நெஞ்சு கீச்சு கீச்சுங்குது"ன்னாரு. படபடப்பு சேட்டான்னு சொல்லிட்டேன்.

— நம்புனாரா?

— அந்நேரம்னு பாத்து இது தலைய நீட்டிருச்சு. ஏலக்கா நிறுக்கிற தராசுல அவரே வச்சுப் பாத்தாரு. மொத நாளு நான் நிறுத்தப்ப முப்பத்தொண்ணு கிராமு, இன்னைக்கு அம்பத்தாறு!

— அம்பத்தாறா? நெசமாவா?

— இப்பச் சிரிக்கிறல்ல? கேட்டுருச்சு.

— சிரிக்கல. இருமல். இரைப்பையத் தொட்டுப் பாத்தீகளா? மெத்துன்னு இருக்கா?

— பஞ்சு மாதிரி இருக்கு. பொற்கொடி...

— சொல்லுங்க.

— திரும்பி வரும்போது ஜீப்புல எல்லாரும் கொக்கரிச்சாய்ங்க. என்னப் பாத்து. மெட்டுல ஆரம்பிச்சு போடி வர்ற வரைக்கும் ஒரு வளைவு விடல.

— நீங்களும் சேந்து சிரிச்சிருப்பீகளே.

— சிரிச்சேன். மூணு வளைவு வரைக்கும். அப்புறம் பைமேல கைய வச்சுக்கிட்டு மலையப் பாத்துக்கிட்டே வந்தேன். அன்னைக்கு நீயும் இப்படித்தான் உக்காந்து வந்திருப்ப. ஆரம்பிச்சு வச்சது நான்தான். தப்பு.

— ம்.

— வேடிக்கை இல்லாம ஒண்ணு கேக்குறேன். நானும் தெனமும் கேக்குறேன், நீ நொய்யி, வெல்லம், பல்புன்னே பதில் சொல்ற. வீட்டுக்கு வருவியா, மாட்டியா? ஒரே வார்த்தையில சொல்லிரு.

— மாட்டேன்.

— சரி.

— கோவமில்ல. போயிருச்சு. ஆனா அந்த ஜீப்புல நான் இனி ஏறப்போறதில்ல. போடியில அந்த ஒத்த ரூம்பு வீட்டுல கோழிய எங்க விடுறது? இங்க எங்கப்பா காப்பிக்கொட்டை போடுற பழைய கொட்டகைய எனக்கு எழுதிக் குடுத்தமாதிரி குடுத்துட்டாரு. கம்பிவலை அடிச்சாச்சு.

— நல்லதுதான். அப்ப ஞாயித்துக்கிழம குரங்கணி ஜீப்புல பெட்டிய ஏத்தி விடுறேன். டிரைவர்கிட்டப் பத்திரமாக் குடுக்கச் சொல்றேன்.

— டிரைவர்கிட்டக் குடுத்துவிட அது என்ன காய்கறியா? வலை பாதிக் கொட்டகைக்குத்தான் அடிச்சிருக்கேன் மாமா, மறுபாதிக்கு வெள்ளையடிச்சு ரெண்டு கட்டில் போட்டிருக்கேன்.