இருபத்திரண்டாவது அடி

மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. தாள் பறக்கிறது. ரைட்டருக்கு எழுதக் கஷ்டம். நான் ஒரே தடவைதான் சொல்லப்போகிறேன்.

என் பெயர் ஷரஃபுதீன். மேற்கு மாம்பலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றோடு பத்தொன்பது வருடமாகக் காற்றுத் துப்பாக்கி பழுது பார்க்கிறேன். பீச்சில் பலூன் சுட வைக்கிறவர்கள் எல்லாம் என்னிடம்தான் வருவார்கள். என் கை பட்ட துப்பாக்கி இதுவரை ஒருவரையும் கீறியதில்லை.

பாத்திரக்கடை வைரவனுடையது பம்ப் அடிக்கிற துப்பாக்கி. குழலுக்குக் கீழே ஒரு காற்றுக் குழாய் உண்டு. பிடியை மடக்கி மடக்கி அடித்தால் காற்று அதில் அடைபடும். அந்தக் குழாயை மாற்றினால் நான் முதலில் தண்ணீர் நிரப்பி, இரண்டு மடங்கு அழுத்தம் கொடுத்துப் பார்ப்பேன். தண்ணீர் இருக்கும்போது விரிசல் விட்டால் சொட்டும், அவ்வளவுதான். காற்று இருக்கும்போது விரிசல் விட்டால் அது வெடிகுண்டு. இதை அந்த ஆளிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறேன். அவருக்குக் காது கேட்காது என்றில்லை. பாத்திரக்கடை முதலாளிக்குப் பட்டறைக்காரன் பேசுவது கேட்காது.

போன மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர் வீட்டுக்குத் துப்பாக்கியைக் கொடுக்கப் போனேன். தோட்டத்தில் நண்பர்கள் நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என் கையில் மதியச் சோற்றுத் தூக்கு இருந்தது. வைரவன் அதைப் பிடுங்கி மாமரக் கிளையில் மாட்டினார். நான் விளையாட்டு என்று நினைத்தேன். சுட்டார். மூன்றாவது குண்டில் மூடி தெறித்துச் சோறு மண்ணில் விழுந்தது. என் மனைவி அன்வரி பேகம் விடிவதற்கு முன்னால் எழுந்து சமைத்த சோறு.

“வெறும் நசுங்கல்தானவே! ஒரு ஓட்டை விழலியே. நீ துப்பாக்கியா ரிப்பேர் பண்ணுத, குழாயடியில வாஷரா மாத்துத?” என்றார்.

நாலு பேரும் சிரித்தார்கள். தோட்டக்காரன் சோற்றைக் கூட்டித் தள்ளினான். “நம்ம கடையில வந்து புதுத் தூக்கு ஒண்ணு எடுத்துக்க பாய். இந்தத் துப்பாக்கிக்குப் பெரிய குழாயாப் போட்டுக் குடு. தூக்கைத் துளைச்சு அந்தப் பக்கம் போகணும்” என்றார்.

சரி என்றேன். அவ்வளவு மரியாதையாக நான் யாரிடமும் சரி சொன்னதில்லை.

பட்டறை மூலையில் கட்டிலுக்கு வாங்கிய குழாய் கிடந்தது. தகட்டை வளைத்து ஓரத்தை ஒட்டியது. கட்டிலில் படுக்கிற ஆளைத் தாங்கும், அடைத்த காற்றைத் தாங்காது. அதை அளவாக வெட்டி, மரை போட்டு, ஒட்டு வெளியே தெரியாமல் ராவிக் கருப்பு ஏற்றினேன். அழகாக இருந்தது. தண்ணீர் நிரப்பிப் பார்க்கவில்லை.

வாங்கிப் போக டிரைவர் ஜவஹர் வந்தான். முப்பது அடி அடிக்க வேண்டும் என்றேன்.

“முப்பது தபாவா? மொதலாளி எங்க பம்ப் அடிக்கிறாரு, நான்தான அட்ச்சிக்கினு கீறேன். கை நோவுது பாய்.”

“நெஞ்சோட அணைச்சுப் புடிச்சு அடி, நோவாது. முப்பதுக்குக் கொறையக் கூடாது.”

“புதுக் கொழாயி. ஒண்ணும் ஆவாதுல்ல?”

“ஒண்ணும் ஆவாது.”

என் கணக்கு இதுதான். முப்பது வரை குழாய் தாங்கும். நிறைந்த துப்பாக்கியை வைரவன் வாங்கிக் கன்னத்தில் வைத்துக் குறி பார்ப்பார். அப்போது உடையும். அதனால்தான் ஜவஹர் கை வலித்துப் பாதியில் நிறுத்திவிடக் கூடாது என்று பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டிவாக்கம் சவுக்குத் தோப்பில் கொக்கு சுடப் போனார்கள். இருபத்திரண்டாவது அடியில், ஜவஹர் நெஞ்சோடு அணைத்திருந்தபோதே உடைந்ததாம்; அவன் அங்கேயே முடிந்துபோனானாம். சத்தமாக எண்ணிக்கொண்டே அடித்தானாம், நீங்கள்தான் சொன்னீர்கள். வைரவன் பத்தடி தள்ளி நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அவர் சட்டையில் ஒரு பொத்தான் கூட அறுந்து விழவில்லை.

இதோ, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கான்ஸ்டபிள் காப்பி வாங்கிக் கொடுத்தார், பார்த்தேன். புகார் கொடுத்தவர் அல்லவா. அந்தத் தோட்டத்தில் என்ன நடந்தது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கமாட்டீர்கள். இருபத்திரண்டு நாட்களாக அந்தச் சிரிப்பு என் காதில் இருக்கிறது. தூங்க முடிகிறதா என்று என்னிடமும் யாரும் கேட்கவில்லை.

குழாயை மாற்றியது நான்தான். உடையும் என்று தெரிந்தே மாற்றினேன். எழுதிக்கொள்ளுங்கள். என் தவறு என்று ஒன்று உண்டு, அதையும் எழுதுங்கள். அதே குழாயில் இன்னொரு துண்டை வெட்டித் தண்ணீரில் சோதித்திருக்க வேண்டும். எத்தனையில் உடையும் என்று தெரிந்திருக்கும். தொழிலில் அவசரம் கூடாது.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? ஒரு நிமிடம். ஜவஹர் சம்சாரம் தங்கபுஷ்பம் வாசலில் நிற்கிறாள் என்றீர்களே, அவளிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். ஜவஹர் மேல் எனக்குக் கோபமே கிடையாது. அதைக் கேட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.