அப்பா அறையின் பதிவுகள்

பெட்டியைச் சிட்டிபாபுவின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனவன் நான்தான், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தூறலில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, வண்டியில் முன்னால் வைத்து மெதுவாக ஓட்டிப்போனேன்.

என் பெயர் தினகரன். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலை. கல்யாணம் ஆகவில்லை. அப்பா திருஞானசம்பந்தத்துக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன பிறகு அவரைப் பார்த்துக்கொண்டது நான் ஒருவன். தங்கை கலாவதி மஸ்கட்டில் இருக்கிறாள். அவள்தான் அப்பாவின் அறையில் கேமரா வைத்தாள். பதிவாவதெல்லாம் மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டியில் சேரும். எங்கள் நெட்டுக்கு வேகம் போதாது. ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். முப்பது நாளானால் பழையது தானாக அழிந்துவிடும். அதனால் எனக்கு ஆட்சேபம் இருந்ததில்லை.

மூத்திரம்தான் தொல்லை. மெத்தைக்குள் இறங்கி, மஞ்சள் வட்டமாகக் காய்ந்து, அதன்மேல் அடுத்த வட்டம். துணியை உருவினால் தோலும் கூட வரும். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் அந்த நெடி நிற்கும். ஒருநாள் முகூர்த்தப் புடவை எடுக்க வந்த அம்மாள், நான் விரித்த முந்தானையை முகர்ந்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

யோசித்துப் பார்த்தேன். உள்ளே போனால்தானே வெளியே வரும். ஆறு டம்ளர் தண்ணீரை மூன்றாக்கினேன். பிறகு ஒன்று. மெத்தை காய ஆரம்பித்தது.

ஸ்டூலின்மேல் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் எப்போதும் இருக்கும். கலாவதி பார்த்தால் தெரியவேண்டும் அல்லவா. அப்பாவின் நல்ல கைக்கு எட்டாதபடி வைத்திருந்தேன், எட்டினால் கொட்டிவிடுவார்.

"ஒரு வாய் குட்றா தினா" என்பார். நாக்கு தடித்துக் குழறும்.

"இப்பதான குடிச்ச? சும்மா இருப்பா" என்பேன். கோபமாகச் சொன்னதில்லை.

மே கடைசியில் சூறைக்காற்று அடித்தது. கரண்ட் போய்ப் போய் வந்தது. மறுநாள் காலையில் அப்பா போய்விட்டார். டாக்டர் வயதென்று எழுதிக்கொடுத்தார். பெட்டியில் விளக்கு எரியவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

கலாவதி வந்து சேர்வதற்குள் அப்பாவை எடுத்துவிட்டோம். "கடசியா மொகம் கூட பாக்கலியேண்ணா. அந்தப் பெட்டிய எப்டியாச்சும் சரிபண்ணிக் குடுக்கச் சொல்லு" என்று அழுதாள். மறுத்தால் நன்றாக இருக்காது.

சிட்டிபாபு பெட்டியைப் பிரித்தார். "போர்டுதான் பூட்ச்சிண்ணே. டிஸ்க்கு ரெண்டும் நல்லா இருக்குது. எழுதிக்கினு இருக்கசொல்ல கரண்ட் போயிருக்குது, அதான் ஃபைல் பேரெல்லாம் கலஞ்சிருக்குது. படம் வந்துரும்."

"வராதுன்னு சொல்லிடுபா. தங்கச்சி தாங்கமாட்டா."

"நல்லா இருக்கறத எப்டிண்ணே வராதுன்னு சொல்றது?"

மூன்றாம் நாள் நானும் கலாவதியும் போனோம். திரையில் அப்பா. வெடித்த உதட்டில் ஈ. உடம்பு துடைத்துவிட்டு நான் கட்டிலில் போட்டிருந்த ஈரத்துணியை இடது கையால் இழுத்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தார். அவருடைய மலம் துடைத்த துணி. நான் உள்ளே வந்து அதை வாயிலிருந்து பிடுங்குவதும் பதிவாகியிருந்தது. சிட்டிபாபு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, சாக்கடையோரம் குனிந்து வாந்தியெடுத்தார்.

கலாவதி திரையைத் தொட்டாள். "சொம்புல தண்ணி இருக்குதேண்ணா. பக்கத்துலயே இருக்குதே." டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டாள்.

கடைசி நான்கு நாள் நான் ஒரு சொட்டும் கொடுக்கவில்லை. உண்மைதான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கேமராவில் நாற்றம் பதிவாவதில்லை, ஐயா. பதிவாகியிருந்தால் கலாவதி என் பக்கம்தான் நின்றிருப்பாள்.