பச்சை நோட்டும் பத்து விரலும்

“ஹலோ... ஹலோ, தம்பி? நான்தாண்டா, அக்கா... ஆமா, ஆமா, வேலை நேரம்னு தெரியும். எங்க இருக்க?... லிஃப்ட்டு ரிப்பேருக்கு மேல ஏறியிருக்கியா? சரி, கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுக் கேளு. உன் பொண்ணு என் நோட்டை ஒளிச்சு வெச்சுட்டா.”

நூலகராக வேலை பார்க்கும் அந்த அக்கா ஒரு காலில் மட்டும் செருப்போடு கூடத்தின் நடுவில் நின்றாள். மணி ஐந்தாகப் பத்து நிமிடம். ஐந்து மணிக்குக் கார் வரும், ஆறு மணிக்கு மாதாந்திரச் சொற்பொழிவு மேடை ஏற வேண்டும். பேச வேண்டிய தலைப்பு, இறைவனின் லீலை.

“சிரிக்காதடா... பச்சை அட்டை போட்டது, பதினாலு பக்கம். மூணு வாரம் கண்ணு பூத்துப்போக எழுதினது... நாலு வயசுதான், யாரு இல்லேன்னா? உன் பொண்டாட்டி அஞ்சு மணிக்கு வர்ற வரைக்கும் பாத்துக்கோங்கன்னு விட்டுட்டுப் போயிட்டா. இந்த வாண்டு ‘தேடு அத்தை’ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு ஆளையே காணோம்... வீட்டுக்குள்ளதான் இருக்கா, தாழ்ப்பாள் போட்டிருக்கேன். மிட்டாய்னு கூப்பிட்டேன், வரல. அப்பாகிட்ட சொல்லுவேன்னேன், எங்கிருந்தோ சிரிப்புச் சத்தம்தான் வந்துது. வீட்டுல உனக்கு அவ்வளவு மரியாதை.”

அவள் குனிந்து வாஷிங் மெஷின் கதவைத் திறந்தாள்.

“பாத்தாச்சு, சாக்ஸுதான் கெடக்கு, அதுவும் ஒத்தை... நான் விளையாடறதா? எனக்கு எங்கடா நேரம்?... நோட்டு இல்லாமப் பேசிடுவேன், அதில்ல தம்பி பிரச்சினை. லீலைன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?... சீ, அந்த லீலை இல்ல. சாமிக்கு ஒரு குறையும் கிடையாது. எதுவும் வேண்டியதில்ல, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல. அப்புறம் எதுக்கு இந்த உலகம்? சும்மா, சந்தோஷம் தாங்காம ஆடுற ஆட்டம்... ம்... ம்... போன மாசம் அப்படித்தான் சொன்னேன். முன் வரிசையில ஒரு பஸ் ஓட்டுநர் எழுந்திருச்சு, ‘எல்லாம் தெரிஞ்சவருக்கு எப்படிம்மா விளையாட்டு? முடிவு தெரிஞ்சா அது ஆட்டமா?’ன்னு கேட்டாரு. நான் பேந்தப் பேந்த முழிச்சேன். அடுத்த மாசம் சொல்றேன்னு தப்பிச்சு வந்தேன்... ஆமா, இன்னைக்குத்தான். பதினாலு பக்கம் எழுதியும் அதுக்கு மட்டும் பதில் இல்ல. இன்னைக்கும் முழிச்சேன்னா மேடைக்கே முழுக்கு. நிஜமாத்தான் சொல்றேன். பயமா இருக்குடா... இரு, இரு. ஒரு நிமிஷம்.”

ஜன்னல் திரைக்குக் கீழே பத்துக் குட்டிக் கால் விரல்கள் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே பச்சை அட்டையின் ஒரு மூலை. இரண்டு எட்டு வைத்தால் போதும், எடுத்துவிடலாம். திரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. அவள் திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, குரலைத் தாழ்த்தினாள்.

“கிடைச்சிடுச்சு... கத்தாத. இல்ல, எடுக்கல... ஏனா? அவ மூச்சு விடாம நிக்கிறா தம்பி. இப்ப எடுத்தேன்னா அவ்வளவுதான், மூஞ்சி தொங்கிப் போயிடும்... வரட்டும், கார் நிக்கட்டும்.”

பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து, வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

“ஐயையோ, இங்கயும் இல்லையே, எங்கதான் போச்சோ?”

திரை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

“ஹலோ... அது உனக்குச் சொன்னதில்ல... அழல, போடா. அந்த ஓட்டுநருக்கு என்ன சொல்லணும்னு தெரிஞ்சுபோச்சு, அதான். முடிவு தெரிஞ்சாலும் ஆடலாம் தம்பி. அந்தப் பக்கம் ஒரு ஆளு சிரிக்கணும்னா, தெரியாத மாதிரியே ஆடலாம். நாம எங்க ஒளிஞ்சிருக்கோம்னு அந்தச் சாமிக்கு மட்டும் தெரியாதா என்ன?... ஹலோ? கீழ இறங்குதா லிஃப்ட்டு?... ஹலோ?”

இணைப்பு அறுந்துவிட்டது. வாசலில் கார் இரண்டு முறை ஹாரன் அடித்தது. அவள் கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“ஆமா தம்பி, இன்னும் கிடைக்கல” என்றாள் சத்தமாக, சோபாவுக்கு அடியில் குனிந்தபடி. “இன்னும் தேடிக்கிட்டேதான் இருக்கேன்.”