ஒண்டேகால் மணித்தியாலம்

— இஞ்சேருங்கோ, ஒண்டேகால் மணித்தியாலம் எண்டுதானே சொன்னனீங்கள்?

— ஓம் பத்மாசினி. பலாலியிலை இருந்து சென்னை நானூறு கிலோமீற்றர்தான். பத்து மணிக்கு வெளிக்கிட்ட பிளேன் பதினொண்டேகாலுக்கு இறங்கியிருக்கும். சும்மா இரு.

— அப்ப பிரணவன் ஏன் இன்னும் கோல் எடுக்கேல்லை? இப்ப இரண்டு மணி.

— பெத்த பிள்ளையை நம்பு. பெட்டி எடுக்க வேணும், கஸ்ரம்ஸ் தாண்ட வேணும், அங்கத்தைச் சிம் வாங்க வேணும்.

— மருமகள் மதுரா சென்னையிலை இருந்து எடுத்தவளப்பா. அவளின்ரை தமையன் பதினொரு மணியிலை இருந்து ஏர்போட் வாசல்லை நிக்கிறானாம். யாழ்ப்பாணத்துப் பிளேன் நேரத்துக்கே வந்திட்டுதாம். ஆக்கள் எல்லாம் வெளியிலை வந்திட்டினமாம், எங்கடை பிள்ளையைத் தவிர.

— வருவன், பொறு.

— அவள் பிள்ளைப்பேற்று நோ துவங்கி அங்கை ஆஸ்பத்திரியிலை கிடக்கிறாள். மாமி, அவர் வெளிக்கிட்டவர்தானே எண்டு கேக்கிறாள். விடிய அஞ்சு மணிக்கு நான்தான் திருநீறு பூசி அனுப்பினனான் எண்டன்.

— உள்ளுக்கை மறிச்சு வைச்சு விசாரிக்கிறாங்கள் போலை. இரண்டு தரம் விசா மறுத்துப் பிறகு குடுத்த ஆள்தானே.

— பத்து மணிப் பிளேனுக்கு அஞ்சு மணிக்கு ஏன் போனவன்? வல்வெட்டித்துறையிலை இருந்து பலாலி ஓட்டோவிலை அரை மணித்தியாலம். என்னையும் வர வேண்டாமெண்டிட்டான்.

— நீ அழுவாய் எண்டுதான். முப்பது வருசம் நான் வள்ளம் ஓடினன். ஒவ்வொரு தரமும் கரையிலை நிண்டு அழுதனியெல்லே.

— இவனாவது பிளேனிலை போறான் எண்டு சந்தோசப்பட்டனான். வெளியிலை பாருங்கோ, தென்னை எப்பிடிப் பேயாட்டம் ஆடுது.

— சோழகக் காத்து எழும்பிட்டுது. உவனும் நேற்றுப் பின்னேரம், நாளைக்கு என்ன காத்து அப்பா எண்டு கேட்டவன்.

— பிளேனிலை போறவனுக்குக் காத்து என்னத்துக்கு?

— பயந்து கேக்கிறான் எண்டு நான் சிரிச்சனான். இஞ்சை பார், அவன்ரை அலுமாரியைத் திற. ரிக்கற் கொப்பி கிடக்கும். பிளேன் நம்பரைச் சொல்லி ஆரையும் பிடிச்சு விசாரிப்பம்.

— பொறுங்கோ. ரிக்கற் ஒண்டையும் காணேல்லை. சட்டையளுக்குக் கீழை என்னவோ கிடக்குது. ஐயோ, இது அவன்ரை பாஸ்போட்டெல்லே.

— பழசாயிருக்கும்.

— இல்லையப்பா, போன வருசம் எடுத்தது. விசாவும் அடிக்கேல்லை, எல்லாப் பக்கமும் வெறுமையாக் கிடக்குது. இது இல்லாமல் அவனை எந்தப் பிளேனிலை ஏத்தினவங்கள்?

— விசா குடுத்திட்டாங்கள் எண்டுதானே சொன்னவன்.

— ஏன் கதிரையிலை இருந்திட்டியள்? நேற்று உங்களட்டை வேறை என்ன கேட்டவன்?

— கடலாலை கோடியக்கரைக்கு எத்தனை மணித்தியால ஓட்டம் எண்டு கேட்டவன். என்ரை பழைய கதை கேக்கிறான் எண்டு நினைச்சன்.

— நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

— நாலு மணித்தியாலம். அஞ்சு மணிக்குக் கரையை விட்டால், சோழகம் எழும்ப முந்தி, ஒன்பது மணிக்கு அங்காலை இறங்கலாம் எண்டு நான்தான் பத்மாசினி சொல்லிக் குடுத்தனான்.