நான் நேராக்கிய மூன்று பார்கள்

அவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் ஊர்மன்றத் தலைவர் அவர்களே! அகழாய்வுக்கு ஆணையிட்டு, அதன் அறிக்கைக்காகக் காத்திருக்கும் கல்விக்குழு அதிகாரிகளே! முன்வரிசையில் முகம் சுளிக்காமல் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! வெங்காயத்தாள் கட்டுகளை வயலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்த தாய்மார்களே! இலவசத் தேநீருக்காக வந்திருக்கும் என் கணவர் அவர்களே! கிழக்குத் தெரு ஷிமோடா டோகியின் பணிவான வணக்கம்.

இரண்டு மாதமாக நான் அகழாய்வுக் கூலியாள். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்துச் சாம்பல் கொட்டிய அன்று நம்மூரார் விட்டுவிட்டு ஓடிய வயல், அன்று கிடந்தபடியே கிடைத்திருக்கிறது. மாளிகை கிடைத்ததா? இல்லை. மணிமுடி கிடைத்ததா? இல்லை. பயிர் நட மண்ணை மேடாக அணைத்துப் பிடித்த பதினோரு பார்கள் கிடைத்தன. அதற்கா இத்தனை கூட்டம்? ஆம், அதற்குத்தான்.

ஆனால் அன்பர்களே, அதில் மூன்று பார்கள் கோணல். சாதாரணக் கோணலா? குடித்தவன் நடந்துபோன கோணல்! தினமும் பார்த்தேன், தினமும் வயிறு எரிந்தது. பக்கத்தில் மண் வழித்த யாசு வேறு சும்மா இருக்கவில்லை.

"ஏண்டி டோகி, இது உங்க வீட்டு ஆளுங்க வயலாத்தான் இருக்கும். உன் புருஷன் பார் புடிக்கிற லட்சணம் அப்படியே இருக்கே!"

அங்கே யாரும் சிரிக்க வேண்டாம். அவர் இங்கேதான் இருக்கிறார்.

ஒருநாள் மாலை. மறுநாள் உயரத்திலிருந்து படமெடுக்கும் நாள். "ஒரு தூசி இருக்கக் கூடாது, பாக்க அழகா இருக்கணும்" என்றார் ஆய்வுப் பொறுப்பாளர் குவாபாரா. மாவட்டமே பார்க்கப்போகும் படம்! வெளியூரார் நம்மூர்ப் பாரைப் பார்த்து நகைக்கலாமா? நகைக்க விடலாமா? நான் விடவில்லை. எல்லோரும் கருவி கழுவப் போன அரைமணி நேரத்தில் மண்வெட்டியை எடுத்து மூன்றையும் நேராக்கினேன். நானே சொல்லக் கூடாது, நன்றாகவே வந்திருந்தது.

காலையில் குவாபாரா வந்தார். பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"டோகியக்கா, இத யாரு செஞ்சா?"

"நாந்தான். எப்படி இருக்கு?"

அவர் அழுதார். திட்டுவார் என்று நினைத்தேன். அழுவார் என்று நினைக்கவில்லை. படமெடுத்த பிறகே அளவெடுப்பார்களாம். ஆகவே அந்த மூன்றுக்கும் படமும் இல்லை, அளவும் இல்லை.

"நீங்க யார்கிட்டயும் வாயத் தெறக்காதீங்க. காவலுக்கு ஆள் வைக்காம போனது நான். என் கவனக்குறைவுன்னே எழுதிடறேன்."

எழுதினால் இந்த ஆய்வு அவர் கையை விட்டுப் போய்விடும். கல்விக்குழுவினரே, உங்களைத்தான் சொல்கிறேன். விட்டத்தைப் பார்க்க வேண்டாம்.

நான் இழுத்துப் போட்ட மண்ணை இருவருமாகக் கரண்டியால் வழித்தோம். பார்களுக்கு இடையே ஓடும் சாலின் அடியில் காலடித் தடங்கள், சாம்பல் நிறைந்த தடங்கள். வலது பாதம் முழுதாகப் பதிந்திருந்தது. இடது பாதம்? விரல் நுனி மட்டும். அடுத்த அடியிலும் விரல் நுனி மட்டும். மூன்று சாலிலும் அப்படியே.

"கால இழுத்து இழுத்து வெட்டியிருக்காங்கக்கா" என்றார் குவாபாரா.

இரண்டு மாதம் குடிகாரன் என்று ஏசினேனே! சோம்பேறி என்று ஏசினேனே! ஒற்றைக் காலின் வலுவில் ஒரு மனிதர் பிடித்த பாரை, இரண்டு காலும் நன்றாயிருக்கும் நான் போய்த் திருத்தினேனே! எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த வயதில் இவ்வளவு வெட்கம் வரும் என்று எனக்கே தெரியாது.

ஆகவே அதிகாரிகளே, அறிக்கையில் குவாபாராவின் கவனக்குறைவு என்று ஒரு வரியும் வரக் கூடாது. பார்களைக் கெடுத்தவள் ஷிமோடா டோகி, கிழக்குத் தெரு என்று முழுதாக எழுதுங்கள். என்ன, யாசு? ஆமாம், அச்சில்தான். அந்த மூன்று பாரையும் பிடித்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கெடுத்தவள் பெயராவது இருக்கட்டும்.

இருக்கை விட்டு எழாமல் கேட்ட அவைக்கு நன்றி. வயலைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தச் சாலருகே தலை தாழ்த்திவிட்டுப் போங்கள். வணக்கம்.